மழை பெய்தால் செய்யக்கூடியவை

ஃபிரிட்ஜ் கதவில், நண்டுக் காந்தத்தின் அடியில்
பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள்.
கேரவனின் சொந்தக்காரி திருமதி ப்ரிதெர்க்கின் சாய்ந்த எழுத்து.
மழை பெய்தால் செய்யக்கூடியவை:
வெல்ஷில் ஏழு, கீழே ஆங்கிலத்தில் ஐந்து.
வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு குறைவு.

முதலாவது, ஜன்னலைப் பாருங்கள்.
ஜன்னல் வழியே அல்ல, ஜன்னலை.
கைப்பிழையாக இருக்கும் என்றான் இத்வால்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
ஒரு துளி இன்னொன்றைத் தொடும்வரை தயங்கி
தொட்டதும் இரண்டும் கனத்துச் சரிவதைச்
செவ்வாய் முழுக்கப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பதினோரு மாதம் ஆவிக்குள் நின்றவளுக்கு
அது போதுமான வேலை.

இத்வாலுக்குப் போதவில்லை.
ஆடிய மேசைக்காலுக்கு அடியில்
பியர் அட்டையை மடித்துச் செருகினான்.
கீச்சிட்ட அலமாரிக் கீலுக்கு வெண்ணெய் தடவினான்.
யாருடையதோ ஆன இந்தத் தகரப் பெட்டிக்குள்
ரிப்பேர் செய்ய இனி ஏதுமில்லை என்றானபோது
என்னைப் பார்த்தான்.
நான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
கடலைக் காட்டினேன்.

கார்டிகன் விரிகுடா
பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது.
வற்றத்தின்போது அரை மைல் பின்வாங்கிவிடும்,
கடன் கேட்க வருபவனைத் தூரத்திலேயே
பார்த்துவிட்ட உறவினன் போல.
அது விட்டுப்போன ஈரமணலில்
புழுக்கள் துப்பிய மண்சுருள்கள்,
இடது கைக்கான ஒரு ரப்பர் கையுறை,
ஒரு நாய்,
அதைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப்
பின்னாலேயே நடக்கும் ஒரு மனிதன்.

மூன்றாவது புதிர்ப்படம். ஆயிரம் துண்டு, கலங்கரை விளக்கம்,
இந்தக் கரை ஒருநாளும் கண்டிராத நீலத்தில்
நானூறு துண்டு வானம்.
நான்காவது, சலவையகத்தில் துணி சுழல்வதை வேடிக்கை பார்ப்பது.
அதைக் கையால் மூடிக்கொண்டு மேலே படித்தேன்.
ஆறாவது வெல்ஷில் மட்டும்:
சண்டை போடுங்கள். சுவர் மெல்லியது, மெல்லப் போடுங்கள்.
புதன் இரவு போட்டோம்,
அவன் வேலையை விட்டதைப் பற்றி,
விட்டதை மூன்று வாரம் சொல்லாததைப் பற்றி.
கிசுகிசுத்துக்கொண்டே கத்துவது கடினம்.
'நீ எப்போதுமே' என்று ஆரம்பித்த வாக்கியம்
பாதியில் மூச்சாகிவிடுகிறது.
கெட்டிலைப் போட்டோம். அது மட்டும் முழுக்குரலில் கொதித்தது.

வியாழன் நள்ளிரவு தாண்டி
பதினான்காம் எண்ணின் முகப்புக் கூடாரம்
ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தது.
கதவுகள் திறந்தன. டார்ச்சுகள்.
பைஜாமாவும் ரப்பர் பூட்ஸும் போட்ட பதினொரு பேர்
ஆளுக்கொரு மூலையாகக் காற்றோடு இழுபறி.
கெல்வின் என்ற பர்மிங்ஹாம்காரர்
எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
கயிற்றோடு சேர்ந்து பறக்கப் பார்த்தார்.
நான் துணியின் மேல் உட்கார்ந்தேன்.
பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி,
சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினாள்.
எங்களுக்கு அடியில் கூடாரம்
பெரிய மீனைப் போலத் துள்ளியது.
சுத்தியலோடு மண்டியிட்டு
ஆணிமேல் ஆணியாக அடித்துக்கொண்டிருந்தான் இத்வால்.
யாருடைய டார்ச்சோ கடந்துபோன ஒரு நொடியில்
அவன் முகத்தைப் பார்த்தேன்.
திருமணப் புகைப்படத்தில்கூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

காலையில் குழாயடியில்
எல்லோரும் வழக்கம்போல் தலையை மட்டும் அசைத்தார்கள்.

ஏழாவது, தூங்குங்கள்.
வெள்ளி அதற்கே சரியாகப் போயிற்று.

சனி பத்து மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.
பியர் அட்டையை எடுத்துவிடவா என்றான்.
இருக்கட்டும் என்றேன்.
பாதி வானத்தோடு புதிரைப் பெட்டியில் சரித்தோம்.
கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பிப் போனேன்.
அணைத்திருந்தேன்.
வெயில். ஜன்னல் காய்ந்து, உப்பு படிந்து,
பார்க்க ஒன்றுமே இல்லாமல் இருந்தது.
அவன் ஹாரன் அடிக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.